நலமடைந்தவரின் செவி: ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியின் வரலாறு

இந்தியக் காசநோய்த் திட்டத்தின் சிகிச்சைப் பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு நேராகவும் இறுதியில் ஒரு முடிவு எழுதப்படும். குணமடைந்தார், சிகிச்சை முடித்தார், இறந்தார், சிகிச்சை தோல்வியுற்றது, இடைநின்றார் என்பன அம்முடிவுகள். சளியில் கிருமி இல்லையென்றால் நோயாளி குணமடைந்தவர். அவருக்குக் காது கேட்கிறதா, இருட்டில் தடுமாறாமல் நடக்க முடிகிறதா என்பதற்கு அந்த முடிவுகளில் இடமில்லை. காசநோய்க்கு எதிராக மனிதகுலத்துக்குக் கிடைத்த முதல் வலிய ஊசி மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், நுரையீரலைக் காத்துச் செவியைச் சிதைக்கக்கூடியது என்பது அது பயன்பாட்டுக்கு வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னரும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மருந்தும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த பிற மருந்துகளும் காசநோய்ச் சிகிச்சையின் அன்றாடத்தில் நிலைத்திருந்தன. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வது, ஒரு மருந்தின் பாதுகாப்பு என்பது ஆய்வகத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

1. மண்ணிலிருந்து வந்த மருந்து

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் ஆய்வு மாணவர், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரீசியஸ் என்னும் நுண்ணுயிரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1944 ஜனவரியில் ஷாட்ஸ், எலிசபெத் பியூகி, வாக்ஸ்மன் ஆகிய மூவர் பெயரிலும் அந்தக் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. பெனிசிலின் காசநோய்க் கிருமியை அசைக்க இயலாமல் நின்ற காலம் அது. புதிய பொருளோ அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தது. மின்னசோட்டாவின் மாயோ மருத்துவமனையில் வில்லியம் ஃபெல்ட்மனும் கோர்வின் ஹின்ஷாவும் கினிப்பன்றிகளில் அதன் ஆற்றலை உறுதிசெய்து, 1944-இன் இறுதியிலேயே மனிதருக்கும் செலுத்தத் தொடங்கினர்.

இந்த மருந்து குடலால் உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே மாத்திரையாக விழுங்கிப் பயனில்லை. தசையில் ஊசியாகச் செலுத்தியே ஆகவேண்டும். உடலுக்குள் சென்றபின் பெரிதும் சிதைவுறாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவரிடமும் முதியவரிடமும் அது குருதியில் தேங்கும். தேங்கிய மருந்து உட்செவியின் நீர்மத்துள் புகுந்து, குருதியிலிருந்து நீங்கிய பின்னும் அங்கே நீண்டகாலம் தங்கும். உட்செவியின் ஒரு பகுதி உடலின் சமநிலையை உணர்வது. மற்றொரு பகுதி ஒலியை உணர்வது. இரண்டிலும் நுண்ணிய மயிர்ச்செல்கள் உள்ளன. மனிதரின் செவிநத்தையில் இறந்த மயிர்ச்செல் மீண்டும் முளைப்பதில்லை. நோயாளியின் உடல் தேறினாலும் போன கேள்வித்திறன் திரும்பாதது இதனால்தான்.

மாயோ மருத்துவர்கள் 1945, 1946-ஆம் ஆண்டுகளிலேயே இதன் தொடக்க அறிகுறிகளைப் பதிவுசெய்தனர். எட்டாவது மூளை நரம்பைச் சார்ந்த தொல்லை என்று அதனை அன்று விளக்கினர். தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், காதில் இரைச்சல் ஆகியன அவர்கள் கண்டவை. அதாவது, இம்மருந்தின் தீங்கு பின்னாளில் வெளிப்பட்ட இரகசியம் அன்று. அது மருந்துடனேயே பிறந்த செய்தி.

2. 107 நோயாளிகள்

போரினால் பொருளாதாரம் நலிந்திருந்த பிரிட்டன், அமெரிக்காவிலிருந்து வாங்க முடிந்த ஸ்ட்ரெப்டோமைசின் 50 கிலோகிராம் மட்டுமே. எல்லோருக்கும் கொடுக்கப் போதாத மருந்தை யாருக்குக் கொடுப்பது என்ற வினாவுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கண்ட விடை, புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த தற்சமவாய்ப்பு முறை. 1947-இல் தொடங்கிய அந்த ஆய்வில் இரு நுரையீரல்களிலும் தீவிரக் காசநோய் கொண்ட 107 இளம் நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் என்று பிரிக்கப்பட்டது. மருந்து பெறாதோருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருப்பதே தெரிவிக்கப்படவில்லை.

ஆறு மாத முடிவில் மருந்து பெற்றோரில் 4 பேரும் பெறாதோரில் 14 பேரும் இறந்திருந்தனர். மருத்துவ ஆய்வு முறையின் வரலாற்றில் இந்த எண்கள் மிகவும் புகழ்பெற்றவை. அதே கட்டுரையில் இருக்கும் வேறு இரு செய்திகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. முதலாவது, மருந்து பெற்ற 55 பேரில் 36 பேர் தலைசுற்றலை உணர்ந்தனர். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரங்களில் அது தொடங்கியது. நாளொன்றுக்கு 2 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள், நான்கு மாதம் என்பது அன்றைய அளவு. மொத்தத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 240 கிராம். இரண்டாவது, பரிசோதிக்கப்பட்ட 41 பேரில் 35 பேரின் கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன.

இரண்டாவது செய்தியின் விலை சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. ஐந்தாண்டு முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். ஆறு மாதத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த இடைவெளி ஏறக்குறைய மூடிவிட்டது. தனி மருந்தாகக் கொடுக்கப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் நோயாளியின் செவிக்குத் தீங்கு செய்வதோடு, நீடித்த பயனும் தராமல் போகலாம் என்பதே இதன் பொருள். பாதுகாப்பு என்பதன் முதல் இலக்கணம் இங்கே உருவாயிற்று: இந்த ஊசியைத் தனியாகப் போடலாகாது. பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தை உடன் சேர்த்தால் எதிர்ப்புத்திறன் குறைகிறது என்பதை 1950-இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 1952-இல் ஐசோனியாசிட் வந்துசேர்ந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையின் காலம் தொடங்கியது.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் அனுபவம் இந்த இடைக்காலத்தைச் சார்ந்தது. 1948-இல் ஸ்காட்லாந்தின் ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில் இருந்த அவருக்காக அமெரிக்காவிலிருந்து மருந்து தருவிக்கப்பட்டது. தோல் வெடிப்பும் வாய்ப்புண்ணும் முடியுதிர்வும் ஏற்பட்டதால் சிகிச்சை பாதியில் நிறுத்தப்பட்டது; எஞ்சிய மருந்து வேறு நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1950 ஜனவரியில் அவர் இறந்தார். மருந்து கிடைப்பதும் அதை உடல் ஏற்பதும் வேறுவேறு என்பதற்கு நன்கு அறியப்பட்ட சான்று இது.

3. பாதுகாப்பான மாற்று என்னும் நம்பிக்கை

தலைசுற்றலைத் தவிர்க்க வேதியியலாளர்கள் ஒரு வழி கண்டனர். ஸ்ட்ரெப்டோமைசின் மூலக்கூற்றில் ஹைட்ரஜனைச் சேர்த்து, 1946-இல் டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் உருவாக்கப்பட்டது. கிருமியைக் கொல்லும் ஆற்றலில் குறைவில்லை. தலைசுற்றலோ மிகக் குறைவு. பாதுகாப்பான மாற்று என்று மருத்துவ உலகம் அதனை வரவேற்றது.

ஆனால் தீங்கு ஒழியவில்லை, இடம் மாறியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலில் தாக்குவது சமநிலை உறுப்பை. டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் தாக்கியது கேள்வி உறுப்பை. தலைசுற்றல் ஏற்பட்டால் நோயாளி உடனே சொல்லிவிடுவார். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். காலப்போக்கில் பெரும்பாலோர் கண்பார்வையின் துணையால் தம் நடையைச் சரிசெய்துகொள்வர். கேள்வி இழப்போ தாமதமாக, சில வேளை மருந்து நிறுத்தப்பட்ட வாரங்களுக்குப் பின்னரே தோன்றி, திரும்பாமலே நிலைத்தது. 1950-களில் இந்த உண்மை வெளிப்படையான பின் அம்மருந்து மனிதச் சிகிச்சையிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டது.

மருந்துப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் இந்தக் கிளைக்கதையைக் கவனிக்கவேண்டும். பழைய மருந்தில் தலைசுற்றல் ஒருவகையில் எச்சரிக்கை மணியாக இருந்தது. புதிய மருந்து அந்த மணியை அகற்றிவிட்டு, ஆபத்தை வைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் பக்கவிளைவு குறைந்துவிட்டால் மருந்து பாதுகாப்பானது என்று முடிவுகட்டும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

4. சென்னை: வாரத்துக்கு இரண்டு ஊசி

இந்தியாவில் இக்கதை வேறொரு திருப்பம் பெற்றது. விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் நாட்டின் காசநோயாளர் எண்ணிக்கைக்கும் சானடோரியப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் இன்று ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயராகவும் நிலைத்திருக்கிறது. ஆனால் அத்தகைய நிறுவனங்களால் தாங்கக்கூடிய சுமையாக இந்தியக் காசநோய் இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை அமைத்தன. அதன் தொடக்க ஆண்டுகளின் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்றும் இயங்கிவரும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அதுவே.

மையத்தின் முதல் பெரும் ஆய்வில் ஊசிக்கு இடமில்லை. 193 நோயாளிகளைத் தற்சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு சாராரை வீட்டிலும் மற்றொரு சாராரை சானடோரியத்திலும் வைத்து, இருசாராருக்கும் ஓராண்டு ஐசோனியாசிட்டும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. 1959-இல் வெளியான முடிவுகளின்படி, வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேரும் சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேரும் நோய் தணிந்த நிலையை எட்டினர். நெரிசலான வீட்டிலும் குறைந்த உணவிலும் இருந்தபடியே, மருந்து சரியாக எடுத்துக்கொள்ளப்பட்டால், காசநோய் தணியும் என்பது நிறுவப்பட்டது. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்னும் மூன்று தூண்களின் மேல் நின்ற ஒரு மருத்துவ மரபு இந்த ஆய்வால் ஆட்டம் கண்டது.

ஆனால் அதே ஆய்வு புதிய சிக்கலையும் முன்வைத்தது. மருந்தைச் சரியாக எடுத்துக்கொண்டால் என்னும் அந்த நிபந்தனையை யார் உறுதிசெய்வது? வார்டில் செவிலியர் கண்முன் விழுங்கப்படும் மாத்திரை, வீட்டில் யார் கண்முன்னும் விழுங்கப்படுவதில்லை. பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புரட்டுவது. நாள்தோறும் பல கிராம் விழுங்கவேண்டியது. ஒளித்துவைக்கவும் வீசிவிடவும் நோயாளிக்குக் காரணங்கள் இருந்தன.

இந்த இடத்தில்தான் ஊசி மீண்டும் வந்தது. ஊசியைத் தானே போட்டுக்கொள்ள நோயாளியால் இயலாது. போட்டுக்கொண்டதாகப் பொய் சொல்லவும் இயலாது. ஊசி போடப்படும் அதே வேளையில் மாத்திரையையும் விழுங்கச் செய்துவிட்டால், முழுச் சிகிச்சையும் ஒருவர் கண்காணிப்பில் நடந்துவிடும். நாள்தோறும் மையத்துக்கு வருவது நோயாளிக்குக் கடினம். வாரத்துக்கு இருமுறை வருவது இயலக்கூடியது. 1964-இல் வெளியான சென்னை ஆய்வு இதனைச் சோதித்தது. வாரம் இருமுறை 1 கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், உடல் எடைக்கேற்ற உயர் அளவு ஐசோனியாசிட்டும் ஒரு குழுவுக்கு. வழக்கமான தினசரி மாத்திரைகள் மற்றொரு குழுவுக்கு. வாரமிருமுறைக் குழுவில் நூற்றுக்கு 94 பேரிடமும் தினசரிக் குழுவில் நூற்றுக்கு 85 பேரிடமும் நற்பயன் காணப்பட்டது. நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்று பின்னாளில் உலகெங்கும் பரவிய முறையின் வேர்களுள் ஒன்று சேத்துப்பட்டில் உள்ளது.

செவியின் நோக்கில் இந்த ஆய்வு முக்கியமானது. நாள்தோறும் 1 கிராம் என்றால் ஓராண்டில் 365 கிராம். வாரம் இருமுறை என்றால் 104 கிராம். கண்காணிப்பின் வசதிக்காக வகுக்கப்பட்ட இடைவெளி, நோயாளியின் உட்செவி சுமக்கவேண்டிய மொத்த மருந்தையும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. மிகப் பின்னர், 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிக்காசின் ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்ற 87 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் 32 பேருக்குக் கேள்வித்திறன் குறைந்திருந்தது. தினசரியா, வாரம் மும்முறையா என்பது அந்த இழப்பைத் தீர்மானிக்கவில்லை. முதுமையும், சிகிச்சையின் நீளமும், செலுத்தப்பட்ட மொத்த அளவுமே தீர்மானித்தன. இடைவெளி தன்னளவில் செவியைக் காப்பதில்லை. மொத்த அளவைக் குறைக்கும் இடைவெளியே காக்கிறது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

சென்னை மையம் இடைவெளியை மேலும் நீட்டிப் பார்க்கவும் தயங்கவில்லை. வாரம் ஒருமுறை என்னும் முறை அவ்வளவு பயன் தரவில்லை. குறிப்பாக, ஐசோனியாசிட்டை உடலில் விரைவாகச் செயலிழக்கச் செய்யும் மரபுக்கூறு கொண்டவர்களிடம் அது பின்தங்கியது. ஒரே அளவு எல்லோருக்கும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை என்பதைச் சென்னையின் ஆய்வுகள் அந்நாளிலேயே வலியுறுத்தின. இந்தப் பாடம் செவிக்கும் பொருந்தும் என்பது 1993-இல் தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியில் 1555 என்னும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களிடம் இவ்வகை மருந்து மிகச் சிறிய அளவிலேயே செவிட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடும். அந்த மாற்றத்தால் அவர்களின் செல்லில் உள்ள ரைபோசோம், மருந்து குறிவைக்கும் பாக்டீரிய ரைபோசோமை மேலும் ஒத்துவிடுகிறது. இது தாய்வழி மட்டுமே கடத்தப்படுவது. ஒரே குடும்பத்தில் தாய்க்கும் மாமனுக்கும் ஊசிக்குப் பின் காது போயிற்று என்றால் அது தற்செயல் அன்று. அந்தத் தாயின் பிள்ளைக்கு ஊசி போடுமுன் கேட்கவேண்டிய குடும்ப வரலாறு.

5. திட்டத்துக்கு வெளியே ஓடிய மருந்து

ஆய்வு மையத்தில் அளந்து கொடுக்கப்பட்ட மருந்து, சந்தையில் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. புனேக்கு அருகில் பிம்ப்ரியில் 1954-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் முதலில் பெனிசிலினையும் பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினையும் உள்நாட்டிலேயே தயாரித்தது. இறக்குமதியைச் சார்ந்திராத மருந்துத் தற்சார்பின் தொடக்கம் என்ற வகையில் அது பெருமைக்குரியது. அதே வேளையில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த ஊசிகள் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வழக்கமாகப் போடப்படலாயின. ஊசி போடாத மருத்துவரை நோயாளி நம்பாத சூழலில், தேவையற்ற ஊசி ஒன்று மூன்று வகையில் தீங்கு செய்தது. காசநோய் மறைந்திருந்தால் அதன் அறிகுறியைத் தற்காலிகமாக அடக்கிக் கிருமிக்கு எதிர்ப்புத்திறனைக் கற்றுக்கொடுத்தது. செவியின் கணக்கில் பதிவில்லாத சில கிராம்களைச் சேர்த்தது. சரியாகக் கொதிக்கவைக்கப்படாத கண்ணாடிச் சிரிஞ்சின் வழியே பிறர் குருதியின் நோய்களையும் கொண்டுவந்தது.

ஊசி போட்டவர்களும் தப்பவில்லை. தினந்தோறும் இந்த மருந்துத் தூளைக் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றிய செவிலியர் பலருக்குக் கைகளிலும் கண்ணிமைகளிலும் ஒவ்வாமைத் தோலழற்சி ஏற்பட்டது. கையுறை அணிந்து மருந்தைக் கையாளவேண்டும் என்னும் அறிவுரை அதிலிருந்து பிறந்தது. ஒரு மருந்தின் பாதுகாப்பைப் பற்றிய வரலாறுகளில் அதைச் செலுத்தும் கைகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் செலவு கருதி ஐசோனியாசிட், தயாசிட்டசோன் ஆகிய மாத்திரைகளையே பெரிதும் நம்பியது. ஸ்ட்ரெப்டோமைசின் சில முறைகளில் துணையாக நின்றது. ரிஃபாம்பிசின் வந்து ஆறு மாதச் சிகிச்சை இயல்பான பின், ஊசியின் காலம் முடிந்திருக்கவேண்டும். புதிய நோயாளிகளைப் பொறுத்தவரை முடிந்தும் போயிற்று. ஆனால் அது வேறொரு வாயில் வழியாகத் திரும்பியது.

6. இரண்டாம் வகைச் சிகிச்சை

1990-களில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து, 1997-இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே இந்தியாவெங்கும் பரவிய முறையில், நோயாளிகள் வகை பிரிக்கப்பட்டனர். நோய் திரும்பியவர், இடைநின்று மீண்டவர், முதற்சிகிச்சை தோற்றவர் ஆகியோர் இரண்டாம் வகை. அவர்களுக்கு முதல் வகையின் அதே நான்கு மாத்திரைகளுடன் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சேர்க்கப்பட்டது. வாரம் மூன்று, இரு மாதம், மொத்தம் 24 ஊசிகள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு 0.75 கிராமுக்குப் பதில் 0.5 கிராம். கருவுற்ற பெண்களுக்கு இல்லை. வயிற்றிலுள்ள குழந்தையின் செவியைத் தாக்கும் என்பதால். பாதுகாப்பு விதிகள் எழுத்தில் தெளிவாக இருந்தன.

ஆனால் அந்த முறையின் அடித்தளம் விதிகளைவிடப் பலவீனமானது. தோற்றுப்போன ஒரு கூட்டு மருந்துடன் ஒரே ஒரு புதிய மருந்தைச் சேர்க்கலாகாது என்பது 1948-இன் 35 நோயாளிகள் கற்பித்த பாடத்தின் நேரடித் தொடர்ச்சி. பழைய மருந்துகளுக்குக் கிருமி எதிர்ப்புப் பெற்றிருந்தால், சேர்க்கப்படும் புதிய மருந்து நடைமுறையில் தனி மருந்தாகிவிடும். இரண்டாம் வகைச் சிகிச்சை அந்த விதியை மீறியே அமைந்திருந்தது. தற்சமவாய்ப்பு ஆய்வு எதனாலும் சோதிக்கப்படாமல், வல்லுநர் கருத்தின் மேல் அது நின்றது. எதிர்ப்புத்திறனைக் கண்டறியும் ஆய்வகங்கள் இல்லாத நாடுகளுக்கான சமரசம் என்று அதற்கு அன்று நியாயம் கூறப்பட்டது. அந்த நியாயம் முற்றிலும் பொருளற்றதும் அன்று. ஆயினும் சமரசம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் மறுசிகிச்சைக்குப் பதிவு செய்யப்பட்டனர். இரண்டாம் வகை முறையைக் கைவிடவேண்டும் என்றும், மருந்து எதிர்ப்புச் சோதனையின் அடிப்படையிலேயே மறுசிகிச்சையைத் தீர்மானிக்கவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கூறியது. இந்தியாவும் அதன்பின் அம்முறையை விலக்கியது.

7. கனாமைசின் ஆண்டுகள்

இதற்கிடையே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் பெருகியது. 2007-இல் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் தொடங்கி நாடெங்கும் விரிந்த சிகிச்சையில், ஸ்ட்ரெப்டோமைசினின் உறவினரான கனாமைசின் முதன்மை ஊசியாயிற்று. 1957-இல் ஜப்பானில் ஹமாவோ உமேசாவா கண்டறிந்த மருந்து அது. இரண்டு ஆண்டுக் காலச் சிகிச்சையின் முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்கு இந்த ஊசி போடப்பட்டது. வாரத்தில் 6 நாள் என்று கொண்டால் குறைந்த அளவாகவே 150-க்கும் மேற்பட்ட ஊசிகள்.

கனாமைசின் முதன்மையாகத் தாக்குவது கேள்வித்திறனையே. முதலில் போவது மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள். மனிதப் பேச்சின் எல்லைக்கு மேலானவை. ஆகவே தொடக்கத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. உரையாடல் கேட்காமல் போகும்போது இழப்பு நெடுந்தூரம் சென்றிருக்கும். கேள்வித்திறன் அளவிக் கருவியால் மாதந்தோறும் சோதித்தால் மட்டுமே அதை முன்னரே பிடிக்கலாம். அத்தகைய கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இந்தியாவின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கவில்லை. இருந்த இடத்திலும் மருத்துவர் முன் கடினமான தேர்வு நின்றது. ஊசியை நிறுத்தினால் உயிர் போகலாம். தொடர்ந்தால் செவி போகலாம். மாற்று மருந்து இல்லாத வரை அத்தேர்வுக்கு நல்ல விடை இல்லை. உயிரா செவியா என்று கேட்டால் உயிர் என்றே எவரும் சொல்வர். அந்த விடையின் நியாயமே பல ஆண்டுகளுக்கு அந்தக் கேள்வியை மறுபரிசீலனை செய்யாமல் இருக்கவும் காரணமாயிற்று.

மாற்று வந்தபோது நிலை மாறியது. பெடாகுவிலின் என்னும் மாத்திரைக்கு 2012-இன் இறுதியில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 2016-இல் இந்தியாவில் ஆறு மையங்களில் மட்டும் அது நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது. 2018 ஜூனில் தென்னாப்பிரிக்கா ஊசிக்குப் பதில் பெடாகுவிலினை வழக்கமான சிகிச்சையில் வைக்க முடிவுசெய்தது. அதே ஆண்டு, 25 நாடுகளைச் சேர்ந்த 12,030 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒரு கசப்பான உண்மையை வெளியிட்டது. கனாமைசின், காப்ரியோமைசின் ஆகிய ஊசிகளைப் பெற்றவர்களின் சிகிச்சை முடிவுகள், எந்த ஊசியும் பெறாதவர்களின் முடிவுகளைவிட மோசமாக இருந்தன. அமிக்காசின் மட்டும் சிறிதளவு பயன் காட்டியது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் முதலிரண்டையும் பயன்படுத்தவேண்டாம் என்று அறிவித்தது. இந்தியாவின் சிகிச்சை முறைகளும் அதன்பின் முழுவதும் மாத்திரையாக மாறிவந்தன.

செவியை விலையாகக் கொடுத்து உயிரை வாங்குகிறோம் என்ற கணக்கு, குறைந்தது இந்த இரு மருந்துகளைப் பொறுத்தவரை, பிழையான கணக்காக இருந்திருக்கலாம் என்பதே அந்த 2018 ஆய்வு எழுப்பும் ஐயம். அது பின்னோக்கிய தரவுகளின் தொகுப்பு. தற்சமவாய்ப்பு ஆய்வு அன்று. நோய் முற்றியவர்களுக்கே சில மருந்துகள் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்னும் மறுப்புக்கு அதில் இடமுண்டு. ஆனால் அதற்கு எதிர்ப்புறம் நிறுத்தக்கூடிய தற்சமவாய்ப்பு ஆய்வு ஒன்று இத்தனை ஆண்டுகளில் நடத்தப்பட்டிருக்கவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதி. தற்சமவாய்ப்பு ஆய்வின் முன்மாதிரியாகப் பாடநூல்கள் கொண்டாடும் மருந்துக் குடும்பம், தன் கடைசிப் பத்தாண்டுகளில் அத்தகைய ஆய்வு இல்லாமலே கோடிக்கணக்கான ஊசிகளாகச் செலுத்தப்பட்டது.

8. எஞ்சுவது

இவ்வகை ஊசிகள் மருத்துவத்திலிருந்து மறையவில்லை. பச்சிளங்குழந்தைகளின் குருதித்தொற்றுக்கு ஜென்டாமைசின் இன்றும் உயிர்காக்கும் மருந்து. வேறு வழியில்லாத காசநோயாளிக்கு அமிக்காசின் கையிருப்பில் உள்ளது. அவற்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை புதிதாகக் கண்டுபிடிக்கப்படவேண்டியதன்று. எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவு, சிறுநீரகச் செயல்பாட்டுச் சோதனை, தாய்வழிக் குடும்ப வரலாறு, கர்ப்பம் குறித்த விசாரணை, செவியையும் சிறுநீரகத்தையும் தாக்கும் பிற மருந்துகளைத் தவிர்த்தல், நாட்கணக்கில் வரம்பு, நீண்ட சிகிச்சையானால் தொடக்கத்திலும் இடையிலும் கேள்விச் சோதனை. இவற்றுள் பெரும்பாலானவை 1950-களின் மருத்துவருக்கே தெரிந்தவை.

ஆகவே இந்த வரலாற்றில் அறியாமையின் பங்கு சிறியது. தெரிந்த தீங்கை எங்கே எழுதுவது என்பதற்கு ஒரு கட்டம் இல்லாமற்போனதன் பங்கு பெரியது. 1948-இன் ஆய்வு தலைசுற்றியவர்களை எண்ணியது. எண்ணியதால் அளவு குறைந்தது. சென்னை மையம் இடைவெளியை அளந்தது. அளந்ததால் ஊசியின் மொத்தச் சுமை குறைந்தது. நோயாளிகள் லட்சங்களாகப் பெருகித் திட்டம் நாடளாவியதாக ஆனபோது, சளியின் முடிவு மட்டுமே எண்ணப்பட்டது, செவி எண்ணப்படவில்லை. எண்ணப்படாத இழப்புக்கு நிதி ஒதுக்கீடு இல்லை, கருவி இல்லை, மாற்று மருந்தை விரைவுபடுத்தும் அழுத்தமும் இல்லை.

காசநோய் வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கு இங்கே செய்யப்படாத வேலை ஒன்று காத்திருக்கிறது. இரண்டாம் வகை ஊசியையும் கனாமைசினையும் பெற்று, பதிவேட்டில் குணமடைந்தார் என்று எழுதப்பட்டு வீடு திரும்பியவர்களுள் இன்று பேச்சு கேட்காதவர்கள் எத்தனை பேர் என்பதைத் திட்டத்தின் ஆண்டறிக்கைகளிலிருந்து அறிய வழியில்லை. அவர்களுள் பலர் இன்னும் உயிரோடு இருப்பவர்கள். ஆவணக்காப்பகத்தில் இல்லாத அந்தச் சான்றை, அவர்களிடம் சென்று, எழுதிக்காட்டியோ சைகையாலோ கேட்டுப் பெறுவதற்கான காலம் இன்னும் கடந்துவிடவில்லை.